கணக்கில் மார்க் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பன்னிரண்டாம் கிரேடு மெட்ரிக் தேர்வு முடிவு வந்த கையோடு டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் ஆக்சுவரி படிப்பைப் பற்றிய பேச்சு எழும். காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் வருங்காலச் செலவைக் கணித்துச் சொல்பவர்தான் ஆக்சுவரி. பேச்சு சம்பளத்தைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

முதல் இடறல் பத்தாம் கிரேடிலேயே வந்துவிடுகிறது. மார்க் கூடும் என்று கணக்கை விட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்தமேட்டிகல் லிட்டரசிக்கு மாறிய பிள்ளைக்கு இந்தப் படிப்பு கிடையாது. அடுத்தது பல்கலைக்கழகத்தில். கேப்டவுன் பல்கலைக்கழகத்திலோ ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸிலோ பட்டம் வாங்கினாலே தென்னாப்பிரிக்க ஆக்சுவரியல் சங்கத்தின் தேர்வுகளில் விலக்கு கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். பாடத்தில் தேற 50 மார்க் போதும். விலக்குக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். தட்டுத்தடுமாறித் தேறியவர் அதே பாடத்துக்குச் சங்கத்தின் தேர்வை எழுதியாக வேண்டும், அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டே.

கணக்கில் புலியாக இருப்பவர்களும் ஆக்சுவரியல் ரிஸ்க் மேனேஜ்மென்ட் போன்ற எழுத்துத் தாள்களில் சறுக்குகிறார்கள். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் 2021-இல் நேர்ந்த சேதங்களுக்கு முதல் ஆண்டு முடிவில் 40 மில்லியன் ராண்டும், இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தம் 60 மில்லியனும் கொடுத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.5. 2022 சேதங்களுக்கு முதல் ஆண்டில் 80 மில்லியன் போயிருந்தால், பழைய விகிதத்தால் அப்படியே பெருக்கும் செயின் லாடர் முறை, இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தம் 120 மில்லியன் ஆகும் என்று யோசிக்காமல் சொல்லும். ஆனால் 2022 ஏப்ரலில் டர்பனை வெள்ளம் புரட்டிப் போட்டது. அந்தச் சேதங்களைத் தீர்க்க டிசம்பருக்குள் எட்டு மாதம் இருந்ததால் பெரும்பகுதி அந்த ஆண்டிலேயே கொடுபட்டிருக்கலாம். அப்படியானால் 120 அதிகம். மாறாக, சேத மதிப்பீட்டாளர்கள் திணறிப்போய்க் கோப்புகள் தேங்கியிருந்தால் 120 போதாது. எது நடந்தது என்று கிளெயிம்ஸ் பிரிவில் கேட்க வேண்டும், வெள்ளக் கோப்புகளைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இதைத் தெளிவாக எழுதியவருக்குத்தான் மார்க். பெருக்கலைக் கம்ப்யூட்டர் நொடியில் போட்டுவிடும். இந்தப் பெருக்கலை எக்செலில் போட்டுத்தான் முன்பெல்லாம் புதியவர்கள் தொழில் பழகினார்கள்; அந்த வேலை இப்போது சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆர், பைத்தான் போன்ற கம்ப்யூட்டர் மொழிகள் தெரியாமல் நுழைவது கடினம்.

2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 17 என்ற காப்பீட்டுக் கணக்கு விதி நிறைய வேலை கொடுத்தது. ஆனால் முறையைக் கட்டியமைக்கும் வேலை ஒருமுறைதான். ஓய்வூதியத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்டாக, அதை எடுக்கலாம். யார், எப்போது, எவ்வளவு எடுப்பார்கள் என்பதற்கு நீண்ட காலத் தரவு கிடையாது. இந்த மாதிரி இடத்தில்தான் இனி ஆள் தேவைப்படும் என்பது என் கணிப்பு.

சங்கத்தின் உச்சத் தகுதியான ஃபெல்லோ ஆகாமல், அதற்கு முந்தைய படியான அசோசியேட்டாக நிற்பதைத் தோல்வி என்று வீட்டில் பேசுவது அநியாயம். அதுவும் முழுத் தகுதிதான். வங்கியும் மருத்துவத் திட்டங்களும் அவர்களை எடுக்கின்றன.

நிறுவனங்கள் படிப்புச் செலவுக்குத் தரும் பர்சரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு பாடம் போனால் பணம் நிற்குமா, படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு அவர்களிடம் வேலை செய்ய வேண்டும், இடையில் துறை மாறினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்