பெற்றோல் ஆவி ஹோஸுக்குப் பதிலாக ஹீட்டர் ஹோஸ் போட்டது பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் கார் 1995 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, 100 மாடல் என்று சொல்வார்களே, அது. மார்ச் மாதம் உங்கள் சேர்விஸ் சென்டரில் இந்தக் காரின் கனிஸ்டர் ஹோஸை, அதாவது பெற்றோல் டாங்கியில் எழும்புகிற ஆவி, அதைப் பிடித்து வைக்கிற கரி அடைத்த டப்பாவான கனிஸ்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸை, மாற்றினீர்கள். பில்லில் "ஃபியூவல் ஹோஸ், ஜெனுவின்" என்று எழுதி, வேலைக்கூலியோடு 14,500 ரூபா எடுத்தீர்கள். ஆனால் காரில் போட்டிருந்தது ஹீட்டர் ஹோஸ். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஓடுவதற்கென்று செய்கிற ஹோஸ். ஜூன் வருவதற்குள் அது ஊதி, கிளிப் பிடிக்கிற முனையில் கிழிந்துவிட்டது. கவுண்டரிலும் கதைத்துப் பார்த்தேன், போனிலும் கதைத்துப் பார்த்தேன், யாரும் பொறுப்பெடுக்கவில்லை, அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

பழைய ஹோஸ் வெடித்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தது உங்கள் ஆட்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. டாங்கி நிறைய அடித்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் பொனட் பக்கம் பெற்றோல் மணக்கிறது, வெளிக்காற்று வருகிற மாதிரி ஏசியை வைத்தால் உள்ளேயும் மணக்கிறது என்று சொல்லித்தான் காரைக் கொண்டுவந்தேன். உங்கள் மெக்கானிக் பொனட்டைத் திறந்து, ஹோஸ் வளைகிற இடத்தில் ரப்பர் வெடித்துக் கிடப்பதை எனக்கும் காட்டினார். அவ்வளவு வயதான ரப்பர், எஞ்சின் சூடு, கொழும்பு வெயில், வெடிக்கத்தான் செய்யும். மாற்றிய பிறகு மணமும் நின்றது. சந்தோஷமாகத்தான் காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் மணம் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. காரைத் திரும்பக் கொண்டுவந்தபோது கவுண்டரில் இருந்த தம்பி சொன்னது: "அக்கா, பழைய கார்தானே, கொஞ்சம் மணக்கத்தான் செய்யும்." நான் விடாமல் கேட்டதால் காரை உள்ளே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் "ஸ்கேன் பண்ணினோம், பழுது காட்டுகிற கோட் ஒன்றும் இல்லை, எல்லாம் ஓகே" என்று சொல்லி, அதற்கு 3,500 ரூபாவுக்கு இன்னொரு பில்லும் தந்தார்கள். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என் காரில் உங்கள் ஸ்கேனரைச் செருகுகிற 16 பின் சொக்கெட்டே இல்லை. இந்த மாடலில் கோட் பார்க்க வேண்டுமென்றால் பொனட்டுக்குள் இருக்கிற டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு, டாஷ்போர்டில் லைட் மினுங்குவதை எண்ண வேண்டும். அப்படி எண்ணினாலும் ஆவி ஹோஸ் கிழிந்திருப்பதைச் சொல்கிற கோட் இந்தக் காரில் கிடையாது. பிறகு வந்த கார்களில் அந்தக் கசிவுக்கு பி0442, பி0455 என்றெல்லாம் கோட் வரும், என் காரில் அதைக் கண்காணிக்கிற சென்சரே இல்லை. அப்படியானால் என்னத்தை ஸ்கேன் செய்தீர்கள், 3,500 ரூபா எதற்கு என்று எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

"எமிஷன் டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கிறதே" என்றும் ஒருவர் சொன்னார். ரெவனியூ லைசன்ஸுக்காக வருடாவருடம் செய்கிற அந்த டெஸ்டில் சைலன்ஸர் குழாய்க்குள் கருவியை விட்டு, எரிந்து வருகிற புகையைத்தான் அளக்கிறார்கள். பொனட்டுக்குள் எரியாமல் கசிகிற பெற்றோல் ஆவியை அந்தக் கருவி எப்படிப் பிடிக்கும்? வாகனத் தொழில் செய்கிற ஒரு கம்பனி வாடிக்கையாளருக்குச் சொல்கிற பதிலா இது?

கடைசியில் பஞ்சிகாவத்தைப் பக்கம் தனியாகக் கராஜ் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் பாஸிடம் காரைக் காட்டினேன். ஸ்கேனர் ஒன்றும் எடுக்கவில்லை, பொனட்டைத் திறந்து கையால் ஹோஸை அமத்திப் பார்த்தார், உடனே கழற்றினார். அதன் மேலே ஹீட்டர் ஹோஸ் என்று அச்சடித்திருந்தது, அச்சுப் பக்கம் கீழே போகிற மாதிரித் திருப்பிப் போட்டிருந்ததால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்சுவர் ஊறிப் பருத்து, விரல் பட்டால் பிசுபிசுக்கிற அளவுக்கு வந்திருந்தது. ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பரில் வருவது. சுடுநீரும் கூலன்டும் அதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பெற்றோலும் பெற்றோல் ஆவியும் பட்டால் ஊதி மெதுமையாகிவிடும். சில இடங்களில் சிலிக்கன் வெக்கியூம் ஹோஸைப் போட்டுச் சமாளிக்கிறார்கள், அதுவும் இந்த வேலைக்கு ஆகாது, ஆவி அதன் சுவரை ஊடுருவி வெளியே வந்துவிடும். இங்கே போட வேண்டியது எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ், மேலே எஸ்ஏஈ ஜே30 ஆர்7 என்று அச்சடித்து வருமே, அப்படியான ஒன்று. அதை அங்கேயே பக்கத்துக் கடையில் அளந்து வெட்டி வாங்கினோம். கொடுத்த காசு உங்கள் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட வராது. விலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, சரியான சாமான் கொழும்பில் கிடைக்கிறது, அதுவும் மலிவாகக் கிடைக்கிறது, அப்படியிருந்தும் நீங்கள் போடவில்லை என்பதுதான் என் கேள்வி.

இது வெறும் மண விஷயம் என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நான் இருக்கிற தொடர்மாடியில் காரெல்லாம் நிலத்துக்குக் கீழே நிறுத்துகிறோம், காற்றோட்டம் குறைவு, மின்சாரம் போனால் ஓடுகிற ஜெனரேட்டரும் அங்கேதான் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே கிளம்பிப் போகாமல் தரையோடு படிந்து கிடக்கும். மைனஸ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய எரிபொருள் அது, காற்றில் 1.4 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். காருக்குள்ளேயும் அப்படித்தான், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர், சூடான எக்ஸோஸ்ட் எல்லாம் அந்த ஹோஸ் போகிற அதே பொனட்டுக்குள் இருக்கின்றன. பின் சீட்டில் என் அம்மாவும் பிள்ளையும் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கீழே பெற்றோல் மணக்கிறது என்று மாடியில் உள்ளவர்கள் முறையிட்ட பிறகு காரை வெளியே வீதியோரமாகத்தான் நிறுத்தினேன்.

"பழைய கார்தானே" என்ற பேச்சை உங்கள் கவுண்டரில் இனி யாரும் பேசக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள், திறந்த பிறகும் அந்த விலைக்குப் புதுக்கார் வாங்க என்னைப் போன்றவர்களால் முடியாது. கொழும்பில் ஓடுகிற எத்தனையோ கார் இருபது, முப்பது வருடப் பழசு. அவற்றை நம்பித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம், வயதானவர்களைக் கிளினிக் கூட்டிப் போகிறோம். பழைய கார் என்றால் அதற்கு இன்னும் கவனமாக வேலை செய்ய வேண்டும், என்னத்தைப் போட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. அத்தோடு கிழிந்தது 1995 ஆம் ஆண்டு ஹோஸும் இல்லை, மார்ச்சில் நீங்கள் போட்ட ஹோஸ்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ் பில் 14,500 ரூபாவும் ஸ்கேன் பில் 3,500 ரூபாவும் முழுதாகத் திரும்ப வேண்டும். கிரெடிட் நோட்டோ, அடுத்த சேர்விஸில் கழிவோ வேண்டாம், காசாக வேண்டும். ஹீட்டர் ஹோஸைப் போட்டுவிட்டு பில்லில் ஜெனுவின் ஃபியூவல் ஹோஸ் என்று எழுதியது யாருடைய முடிவு என்று தெரிய வேண்டும். மெக்கானிக் தம்பி தானாகச் செய்தார் என்று அவர் தலையில் கட்டிவிடாதீர்கள், ஸ்டோரில் கொடுத்ததைத்தான் அவர் போட்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: சுவரில் தொங்குகிற பெரிய ரோலில் இருந்து வெட்டித்தான் எல்லாக் காருக்கும் போடுகிறோம் என்று அன்றைக்கு உங்கள் ஆளே என்னிடம் சொன்னார். அப்படியென்றால் அதே ஹோஸ் வேறு எத்தனை காரில், எத்தனை வேனில் இப்போது ஊறிக்கொண்டிருக்கிறது? பில் புத்தகத்தில் எல்லோருடைய போன் நம்பரும் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, இலவசமாக மாற்றிக் கொடுங்கள். என் காசை நாளைக்கே தந்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் இந்தப் புகாரை நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, செய்கிற சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்குப் போடுகிற சாமானும் அந்த வேலைக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். இரண்டுமே இங்கே நடக்கவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1977க்கு அழைத்து அதிகாரசபையில் முறைப்பாடு பதிவேன். இரண்டு பில்லின் பிரதியும், ஹோஸில் உள்ள அச்சும் வெட்டிய உட்பக்கமும் தெரிகிற படங்களும் இணைத்திருக்கிறேன். வெட்டிய ஹோஸ் துண்டு என்னிடமே இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் காட்டுவேன், கையில் தரமாட்டேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6
(வாகன இலக்கமும் தொலைபேசி இலக்கமும் பில்லில் உள்ளன)