ஆயிலைக் கலந்தால் என்ஜின் போகாது. ஆயில் குறைந்து ஓட்டினால்தான் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'சிந்தெடிக் ஆயில் ஓடுகிற காரில் அவசரத்துக்குச் சாதாரண ஆயில் ஊற்றலாமா?' என்று உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, என்ஜின் பழுதாகிவிடும்' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். கோவில்பட்டி பைபாஸ் ஓரம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் என்ஜினைப் பறிகொடுப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

போன கந்த சஷ்டி சமயத்தில் ஒரு வாடகைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திருச்செந்தூர் போகிற குடும்பம். சாத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் ஆயில் கேஜை உருவிப் பார்த்திருக்கிறார். குச்சி நுனியில் மட்டும் ஈரம். பக்கத்துப் பங்கில் 20டபிள்யூ-40 என்ற சாதாரண ஆயில் இருந்தது (இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை). இவர் வண்டியில் ஓடுவதோ 5டபிள்யூ-30 சிந்தெடிக். 'வேற ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் என்ஜின் காலி' என்று சர்வீஸ் விட்ட இடத்தில் சொல்லி வைத்திருந்தார்களாம். பயந்துபோய் ஊற்றாமலே, கோவில்பட்டி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். வழியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அப்புறமும் ஓட்டியிருக்கிறார். ஊர் நெருங்கும்போது டொக் டொக் என்று ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) அடிக்கிற சத்தம், அதோடு என்ஜின் பிடித்துக்கொண்டது.

ஆயில் சேம்பரைக் கழற்றினேன். அடியில் தேங்கியிருந்த கொஞ்சம் ஆயிலில் உலோகத் துகள் மினுமினுத்தது. கிராங்க் ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டில் ராடு உட்காரும் இடத்துப் பேரிங் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டும். இதில் மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. ஒரு பேரிங் இடம் மாறிச் சுழன்று, கிராங்கையே வரி வரியாகக் கீறியிருந்தது. டிரைவர் தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அந்த ஆயிலையே ஊத்தியிருக்கலாமா?" "தாராளமா ஊத்தியிருக்கலாம் தம்பி" என்றேன். ஒரு லிட்டர் ஆயில் நானூறு ரூபாய் சுமார். என்ஜின் வேலை அறுபதாயிரத்தைத் தாண்டியது. அந்த வண்டிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

கலந்தால் உண்மையில் என்ன ஆகும்? இரண்டு ஆயிலும் மோரும் எண்ணெயும் போலப் பிரிந்து நிற்காது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தருகிற தரச் சான்று வாங்குகிற எந்த என்ஜின் ஆயிலும் மற்ற என்ஜின் ஆயில்களோடு பிரியாமல் கலக்க வேண்டும் என்பதே அந்தச் சான்றுக்கான சோதனைகளில் ஒன்று. கடையில் 'செமி சிந்தெடிக்' என்று விற்பதும் கம்பெனியே சிந்தெடிக்கையும் மினரல் என்கிற சாதாரண ஆயிலையும் கலந்து டப்பாவில் அடைப்பதுதான். 'ஃபுல் சிந்தெடிக்' என்று வருவதிலும் பலவற்றுக்கு மூலம் கச்சா எண்ணெய்தான். அதை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்திகரித்துத் தரம் உயர்த்துகிறார்கள். வேறு ஜாதிப் பொருள் என்று நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பயம் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1970களில் அமெரிக்காவில் கார்களுக்கான சிந்தெடிக் ஆயில் சந்தைக்கு வந்த புதிதில், சில ஆயில்கள் அந்தக் கால ரப்பர் சீல்களுக்கு ஒத்துப்போகாமல் கசிவு ஏற்பட்டது. பிறகு ஆயிலின் சேர்மானத்தையும் மாற்றினார்கள், சீல்களும் மாறின. பேச்சு மட்டும் மாறாமல் நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

நஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிந்தெடிக்குக்கு நீங்கள் கொடுத்த காசின் பலன் குறையும். மூன்று லிட்டர் பிடிக்கிற என்ஜினில் அரை லிட்டர் 20டபிள்யூ-40 சேர்ந்தால் ஆயில் கொஞ்சம் கெட்டிப்படும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறச் சற்றுத் தாமதமாகும், மைலேஜும் கொஞ்சம் அடிபடலாம். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் என்ற கணக்கும் செல்லாது. மினரல் ஆயிலுக்கு உரிய கணக்கில், முடிந்தால் அதற்கும் முன்பாகவே, ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். வாரண்டி உள்ள வண்டி என்றால் ஆயில் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் எரிந்து மிஞ்சுகிற சாம்பல் அந்த வடிகட்டியில் படிந்தால் பிறகு போகாது. அதிலும் அவசரத்துக்கு ஊற்றி ஊர் போய்ச் சேரலாம், ஆனால் சேர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். பைக் ஆயில் காரில் ஊர் சேரும் வரை ஓடும். கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. டூ-ஸ்ட்ரோக் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் கார் என்ஜினில் ஊற்றவே கூடாது.

சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது ஆயில் அளவைக் காட்டுகிற விளக்கு இல்லை, ஆயில் அழுத்தம் போதவில்லை என்று சொல்கிற விளக்கு. ஆயில் குறைந்து அது எரிகிறது என்றால் பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கிராங்கையும் பேரிங்கையும் உரசாமல் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிட வேண்டும். அடுத்த பங்கு வரைக்கும் என்றுகூட ஓட்டக் கூடாது.

சர்வீஸ் சென்டர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களின் பழைய பில்லை வாங்கிப் பார்ப்பேன். 'என்ஜின் ஆயில் - 3.1 லி.' என்று மட்டும் இருக்கும். என்ன கிரேடு, சிந்தெடிக்கா மினரலா, எந்த ஏபிஐ தரம், ஒன்றும் இருக்காது. தன் வண்டிக்குள் என்ன ஓடுகிறது என்றே தெரியாதவர், நடுராத்திரி பங்கில் நின்றுகொண்டு எந்த டப்பாவை வாங்குவார்? பில்லில் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுக்கச் செலவு ஒன்றும் கிடையாது. ஆயில் கம்பெனிகளும், 'அவசரத்துக்கு வேறு ஆயிலோடு சேர்க்கலாம், சீக்கிரம் மாற்றிவிடவும்' என்று டப்பாவில் தமிழில் அச்சிட வேண்டும்.

குற்றால சீசன் தொடங்கப் போகிறது. வெளியூர் வண்டிகள் ராத்திரி பகலாக இந்த ரோட்டிலும் வரும். அதற்குள் உங்கள் வாகனப் பகுதியில் அதே இடத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
கோவில்பட்டி.