பாக்கெட்டுக்குப் பின்னாடி எழுதுறத முன்னாடி கொண்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில நாங்க மளிகைக்கடை வச்சிருக்கோம், கல்லாவுல பெரும்பாலும் நான்தான் உக்காந்திருப்பேன். பாக்கெட்ல போட்டிருக்குற சத்து விவரத்த படிச்சுப் பாத்து வாங்குங்கன்னு உங்க பேப்பர்லயும் டாக்டருங்க எழுதறாங்க, டிவிலயும் சொல்றாங்க, நல்லதுதான். ஆனா கடைக்கு வர்ற சனங்க எதப் பாக்குறாங்கன்னு தினமும் கண்ணால பாக்குறவ நான். மூணே மூணுதான் பாக்குறாங்க, விலை, தேதி, பச்சைப் புள்ளி. பின்பக்கம் கட்டம் போட்டு கலோரி, புரோட்டீன், சோடியம்னு வரிசையா அச்சடிச்சிருக்கே, அதப் படிச்சுட்டு வேண்டாம்னு பொருள திருப்பி வச்சவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதுவும் காலேஜ் படிக்கிற பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு பேரு, இல்லன்னா சுகர் வந்து டாக்டர்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்தவங்க.

இதுக்கு சனங்கள குத்தம் சொல்லவே கூடாதுங்க. பச்சைப் புள்ளிய அவங்க எப்படி பாக்குறாங்கன்னு பாத்தா தெரியும். எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்காங்க, எழுதப் படிக்கத் தெரியாது, வெள்ளிக்கிழமை வீட்ல கவுச்சி சேக்க மாட்டாங்க, பேரனுக்கு கேக் வாங்கும்போது பாக்கெட்ட அப்படியும் இப்படியும் திருப்பி பச்சை இருக்கா, இல்ல பிரவுன் முக்கோணம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் காசையே எடுப்பாங்க. ஒரு சின்ன அடையாளம், யாரும் போய் அவங்களுக்கு கிளாஸ் எடுக்கல, தானா கத்துக்கிட்டாங்க. அதே பாட்டிக்கு பிபி இருக்கு, அதே கையால ஊறுகாயும் அப்பளமும் வாங்கிட்டுப் போறாங்க, அதுல எவ்வளவு உப்புன்னு சொல்ல அந்த மாதிரி ஒரு அடையாளம் கிடையாது.

இப்ப இத எழுதும்போது ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்ட பக்கத்துல வச்சிருக்கேன். சத்து விவரம் எங்க இருக்குன்னா, பின்பக்கம் பாக்கெட்ட ஒட்டுவாங்கல்ல அந்த மடிப்புக்கு அடியில, மடிப்ப தூக்கிப் பிடிச்சாதான் முழுசா தெரியுது, மஞ்சள் கலர் மேல வெள்ளை எழுத்து, கண்ணாடி போட்டும் எனக்கு சிரமமாத்தான் இருக்கு. 100 கிராமுக்கு சீனி 36 கிராம்னு இருக்கு. அதுக்கு பக்கத்துல ஒரு வேளைக்கு 25 கிராம், ஒரு நாள் தேவையில 18 சதவீதம்னு போட்டிருக்கு, பாக்குறவங்க 18தானேன்னு நெனச்சுக்குவாங்க. ஆனா பள்ளிக்கூடம் விட்டு வர்ற எந்தப் பிள்ளை 25 கிராமோட நிறுத்துது சொல்லுங்க, 100 கிராம் பாக்கெட் முழுசும் ஒரே மூச்சுல காலி, 36 கிராமும் உள்ள போயிடுது, டீஸ்பூன் கணக்குல 9 ஸ்பூன் சீனி. இன்னொரு விஷயம் இருக்கு, அந்த சதவீதமே பெரியவங்களுக்கு போட்ட கணக்கு, ஒரு நாளைக்கு 2000 கலோரி, சேக்குற சீனி 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம்னு வச்சுத்தான் விதிப்படி எல்லாரும் போடறாங்க, ஏழு வயசுப் பிள்ளைக்கு அது எப்படி பொருந்தும்? பிள்ளை படம் போட்ட பாக்கெட்ல பெரியவங்க கணக்கு. சோடியம்னு போட்டிருக்குறத உப்பா மாத்தணும்னா ரெண்டரையால பெருக்கணும், 2000 மில்லிகிராம் சோடியம்னா 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். அவசரத்துல பால் வாங்க வந்த அம்மா இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டா நிப்பாங்க.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் மொழி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி இந்த விவரமெல்லாம் இங்கிலீஷ்ல இல்லன்னா இந்தியில இருந்தா போதும், மத்த மொழியில கூடுதலா போடணும்னா போட்டுக்கலாம், கட்டாயம் இல்ல. விளம்பரம் மட்டும் அழகா தமிழ்ல வருது, நம்ம நடிகர் நடிகைய வச்சு நம்ம பேச்சுலயே எடுக்கறாங்க, விக்கிறதுக்கு தமிழ் தெரியுது, உள்ள என்ன இருக்குன்னு சொல்றதுக்கு மட்டும் தெரியலயா? சின்ன பாக்கெட்டுக்கு இன்னொரு சலுகை, பாக்கெட்டோட பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள்ள இருந்தா இந்த சத்து அட்டவணையே போட வேண்டியதில்ல. ஒரு ரூபா ரெண்டு ரூபா மிட்டாய், சாக்லேட், இதெல்லாம் யாரு வாங்குறாங்க, காசு கொண்டு வர்ற சின்னப் பிள்ளைங்கதான்.

முன்பக்கம் இருக்குற பேருக்கு எவ்வளவு பலம்னு ஓஆர்எஸ் விஷயத்துல நாடே பாத்துச்சு. வயித்தால போற பிள்ளைக்கு குடுக்குற நிஜ ஓஆர்எஸ்ல உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். ஓஆர்எஸ்னு பேரு வச்சு டெட்ரா பாக்கெட்ல வித்த பழரச பானத்துல சிலதுல லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்துச்சு, வயித்துப்போக்கு இன்னும் அதிகமாத்தான் ஆகும். பின்னாடி அளவு போட்டுத்தான் இருந்துச்சு, போடாம விக்கல, ஆனா அழுற பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிற தாய் முன்னாடி இருக்குற பேரத்தானே நம்புவா. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா போராடி, 2025 அக்டோபர்லதான் ஓஆர்எஸ்ங்கிற பேர அந்த பானங்கள்ல போடக்கூடாதுன்னு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. அந்த அம்மாவ எத்தனை தடவை வேணா கும்பிடலாம்.

அப்ப லேபிளால பிரயோஜனமே இல்லையான்னா இருக்கு, எப்படி போடறோம்ங்கிறதுல இருக்கு. வெறும் நம்பரா போட்டா பலன் கொஞ்சம்தான், பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாக்குற காக்ரேன் அமைப்பு 2025 ஜனவரியில விட்ட ஆய்வுல, மெனுவுலயும் பொருள்லயும் கலோரி எழுதிப் போட்டா சனங்க சராசரியா 1.8 சதவீதம் கலோரி கொறச்சு எடுக்கறாங்கன்னு இருக்கு, 600 கலோரி சாப்பாட்டுல 11 கலோரி, அவ்வளவுதான். ஆனா சிலி நாட்டப் பாருங்க, 2016 ஜூன்லேர்ந்து சீனியோ உப்போ கொழுப்போ கலோரியோ அளவுக்கு மேல போனா பாக்கெட்டோட முன்பக்கமே கருப்பா எட்டு மூலைக் கட்டம் போட்டு 'சீனி அதிகம்', 'உப்பு அதிகம்'னு எழுதியாகணும். ரெண்டு குத்தம்னா ரெண்டு கட்டம், நாலுன்னா நாலு. அந்த பாக்கெட்ல கார்ட்டூன் பொம்மை போடக்கூடாது, பள்ளிக்கூடத்துல விக்கக்கூடாது. சட்டம் வந்த ஒன்றரை வருஷத்துல கருப்புக் கட்டம் போட்ட இனிப்பு பானம் வாங்குறது கிட்டத்தட்ட 24 சதவீதம் கொறஞ்சிடுச்சு. விளம்பரத் தடையும் சேந்து செஞ்ச வேலை அது, கட்டம் மட்டுமே செஞ்சதுன்னு நான் சொல்ல வரல, ஆனா கட்டம் இல்லாம எத தடை பண்றதுன்னே தெரிஞ்சிருக்காது.

சிங்கப்பூர்லயும், அங்க நம்ம சொந்தக்காரங்க நெறைய பேரு இருக்காங்க கேட்டுப் பாருங்க, 2022 டிசம்பர் கடைசியிலேர்ந்து பானங்களுக்கு ஏ பி சி டின்னு கிரேடு. 100 மில்லியில 10 கிராமுக்கு மேல சீனி இருந்தா டி, அத விளம்பரமே பண்ணக்கூடாது. டி வாங்க எந்தக் கம்பெனிக்கு ஆசை? சனங்க மாறுறதுக்கு முன்னாடியே கம்பெனிங்க மாறிட்டாங்க, 2017ல பாக்கெட் பானங்கள்ல நடு அளவா 7.1 சதவீதம் இருந்த சீனி 2023ல 4.6 ஆயிடுச்சு. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது, ஏன்னா கடைக்கு வர்ற எல்லாரையும் படிக்க வைக்க நம்மால முடியாது, ஆனா பாக்கெட்டுக்குள்ள இருக்குறதே நல்லதா மாறிட்டா படிக்காதவங்க பிள்ளையும் தப்பிச்சுக்கும். நம்ம நாட்டுலயே 2023ல ஒரு பையன் பிள்ளைங்க பால்ல கலக்குற சத்துப் பவுடர்ல எவ்வளவு சீனி இருக்குன்னு வீடியோ போட்டாரு, கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டு வீடியோவ எடுக்க வச்சுது, ஆனாலும் அந்த வருஷக் கடைசிக்குள்ள சேக்குற சீனிய 14.4 சதவீதம் கொறச்சுட்டாங்க. ஒரு வீடியோவுக்கே இந்த பலன்னா எல்லா பாக்கெட் முன்னாடியும் கட்டாயமா எழுதினா என்ன நடக்கும்.

நம்ம ஆணையம் 2022 செப்டம்பர்ல ஒரு வரைவு விட்டாங்க, அரை ஸ்டார்லேர்ந்து அஞ்சு ஸ்டார் வரைக்கும் குடுக்கப் போறாங்களாம். இது எனக்கு சுத்தமா பிடிக்கல. ஸ்டார்னாலே சனங்களுக்கு நல்லதுன்னுதான் தோணும், ரெண்டு ஸ்டார் இருந்தாலும் பரவாயில்லப்பான்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுலயும் நார்ச்சத்து, புரோட்டீன், பருப்பு, சிறுதானியம் இருந்தா அதுக்கு தனியா மார்க் குடுத்து சீனிக்கும் உப்புக்கும் போற மார்க்க ஈடுகட்டிக்கலாம்னு கணக்கு வச்சிருக்காங்க, கொஞ்சம் ராகி தூவிட்டு சீனிய மறைக்க வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும். 2024 ஜூலையில சீனி, உப்பு, கெட்ட கொழுப்பு மூணையும் தடிச்ச எழுத்துல பெருசா போடணும்னு ஒப்புதல் குடுத்தாங்க, 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் முன்பக்க லேபிள் பத்தி 3 மாசத்துல முடிவு பண்ணுங்கன்னு சொல்லிச்சு, ஜூலையில திரும்ப 3 மாசம் நீட்டிப்பு குடுத்துச்சு. இவ்வளவும் நடந்து இருக்கு, எங்க ரேக்ல இருக்குற பாக்கெட்ல ஒரு எழுத்து மாறல.

எச்சரிக்கை கட்டம் போட்டா நம்ம பாரம்பரிய தின்பண்டமெல்லாம் அடிபடும்னு ஒரு வாதம் வைக்கிறாங்க, அதுக்கு கோவில்பட்டிக்காரியா நான் பதில் சொல்லணும். எங்க ஊர் கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கெடச்சுது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு, அத நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கு, எங்க கடையிலயும் நல்லா ஓடுது. அதுல கடலை இருக்கு, நல்ல சத்து, வெல்லப்பாகும் இருக்கு, வெல்லமும் சர்க்கரைதான், சுகர் இருக்குறவங்களுக்கு அது ரத்தத்துல ஏறத்தான் செய்யும். 'சீனி அதிகம்'னு அதுல கட்டம் வந்தா வரட்டும். சாப்பிடாதீங்கன்னு யாரும் சொல்லலயே, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு ரெண்டு துண்டு சாப்பிடுங்கன்னுதானே அர்த்தம், எங்க ஊர் மிட்டாய் அதத் தாங்கும். கடலை மிட்டாய் பேர சொல்லிக்கிட்டு பெரிய பெரிய சிப்ஸ் கம்பெனியும் கூல்ட்ரிங்க்ஸ் கம்பெனியும் ஒளிஞ்சுக்குறதுதான் எனக்கு பொறுக்கல.

நாட்டுல 10 கோடி பேருக்கு சுகர், இன்னும் 13 கோடி பேருக்கு மேல வர்ற நிலமையில இருக்காங்கன்னு 2023ல ஆய்வு வெளியிட்டாங்களே, அத முன்ன நின்னு நடத்தினதே நம்ம சென்னை டாக்டருங்கதான். அதனால மொதல்ல கேக்க வேண்டிய மாநிலம் நாமதான். முன்பக்கம் படமா ஒரு எச்சரிக்கை, பக்கத்துல தமிழ், ஒரு ரூபா பாக்கெட்டுக்கும் விதிவிலக்கு இல்ல. சிகரெட் பீடி பாக்கெட்ல 2016லேர்ந்து ரெண்டு பக்கமும் 85 சதவீத இடத்துல படம் போட வச்ச நாடுதானே இது, பிஸ்கட்ல ஒரு சின்ன கட்டம் போட வைக்க முடியாதா. எங்க மாவட்ட எம்பி கடைத்தெருவுக்கு வந்தா நான் நேராவே இதக் கேப்பேன்.

உங்க பேப்பர்கிட்டயும் ஒண்ணு கேக்குறேன். சட்டம் வர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒரு பாக்கெட்ட எடுத்து, அதுல முழுசா எத்தனை ஸ்பூன் சீனி, எத்தனை ஸ்பூன் உப்பு, எத்தனை ஸ்பூன் எண்ணெய்னு தமிழ்ல பெரிய எழுத்துல ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்கள்ல 2025லேர்ந்து எதுல எவ்வளவு சீனின்னு காட்டுற சுகர் போர்டு வைக்கச் சொல்லிருக்காங்க, அந்த மாதிரி ஊருக்கும் ஒண்ணு இருக்கட்டும். விக்கிற கடைக்காரி இதக் கேக்குறாளேன்னு யோசிக்க வேண்டாம், நீங்க போட்டா வெட்டி எடுத்து பிஸ்கட் ரேக்குக்கு மேலயே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக்கடை வச்சிருக்குற ஒரு வாசகி,
கோவில்பட்டி.