சாணி உடைக்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

கோடியக்காட்டிலும் கோடியக்கரையிலும் இருக்கும் என் அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு முதுகுப்பையும் குடையுமாக வேதாரண்யத்தில் பஸ் இறங்கியவள் நான். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில் ஆறு வாரப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கால் கறுத்துப்போய், செருப்பு வார் பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. கிளம்பிய அவசரத்தில் ஒருவரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வரவில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்த மடல்.

முதலில் வாட்சர் அண்ணனுக்கு. இரண்டாம் நாள் விடியற்காலையில் வெளிமான் கணக்கெடுத்து, 31 என்று பெருமையாக நோட்டை நீட்டினேன். "கிடா எத்தனை?" என்றீர்கள். ஏழு. "அதுல கொம்பு ஒடிஞ்சது ஒண்ணு இருந்துச்சா?" ரெண்டு இருந்துச்சுண்ணே என்று சொல்ல வாயெடுக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. ரோட்டைத் தாண்டிப் போன அதே கூட்டத்தை மறுபடியும் எண்ணியிருக்கிறேன். நீங்கள் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அழிக்காத பாப்பா, அடிச்சிட்டுப் பக்கத்துல எழுது" என்றீர்கள், அவ்வளவுதான். 1967-இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே வெளிமானுக்காகத்தான் என்று மனப்பாடமாகத் தெரியும் எனக்கு, எண்ணத்தான் தெரியவில்லை.

அடுத்து ஆராய்ச்சி அக்கா. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002-இல் சேர்ந்த இடம், பூநாரைக்குப் பேர்போன ஊர் என்றெல்லாம் படித்துவிட்டு பைனாகுலரோடு வந்தேன். மழைக்காலத்தில் வரும் பறவையை மே மாதத்தில் தேடிய அறிவாளி! நீங்கள் என் கையில் கொடுத்தது காய்ந்த குதிரைச் சாணி. முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். உண்மையில் அதில் நாற்றமே இல்லை. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் வைக்கோல் மாதிரிப் பொலபொலவென்று உதிர்கிறது. நடுவே சீமைக்கருவேல விதைகள், எண்ணெய் தடவியதுபோல் பழுப்பாக மினுங்கிக்கொண்டு. காட்டில் திரியும் மட்டக்குதிரையும் மானும் இனிப்புக்காக அதன் நெற்றைத் தின்கின்றன. கெட்டித்தோல் விதை குடலைத் தாண்டி எருவோடு வந்து விழுகிறது. நாம் இந்தப் பக்கம் பிடுங்கப் பிடுங்க, அவை அந்தப் பக்கம் விதைத்துக்கொண்டே போகின்றன. திறந்த புல்வெளி இல்லாமல் வாழ முடியாத மான், தன் வெளியைத் தானே முள்காடாக்குகிறது என்பதை நீங்கள் சாணியை உடைத்துக் காட்டியிராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கருவேலம் பிடுங்க வந்த அக்காமாரே, உங்கள் கடப்பாரையை ஒரு மணி நேரம்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. "மேலாக வெட்டுனா நாலாத் துளுக்கும், கட்டையோட எடுக்கணும்" என்று நான் விட்ட குழிகளையும் சேர்த்துத் தோண்டினீர்கள். குதிகாலில் முள் ஏறி ஒடிந்த அன்று, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி எடுத்துவிட்டவர் யாரென்றுகூடக் கவனிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்பது சும்மா, ஊக்குதான் தேவலை. மறுநாள் வீக்கத்தைப் பார்த்து ஊசி போட்டு அனுப்பிய நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி.

சாப்பாட்டுக்கடை அக்கா, கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றட்டுமா என்று முதல் நாள் கேட்டீர்களே, அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். மறுநாளிலிருந்து எனக்கென்று தனியாக ரசம் வைத்தீர்கள். கடைசி நாள் காசு வாங்க மாட்டேன் என்றது மட்டும் நியாயமில்லை.

அனுமதி தந்த ரேஞ்சர் சாருக்கும், தண்ணீர்த் தொட்டி நிரப்பப் போகும்போதெல்லாம் டேங்கர் லாரியில் இடம் கொடுத்த டிரைவர் அண்ணனுக்கும் நன்றி.

பாலைப்பழம் கொடுத்த பாட்டி, பால் ஒட்டி உதடு பிரியாமல் நான் நின்றது நினைவிருக்கிறதா? 2018 கஜா புயலில் சாய்ந்த பாலை மரம் படுத்தபடியே துளிர்த்திருப்பதை நீங்கள் கைகாட்டியிராவிட்டால், விறகு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்.

அக்கா, ஒன்று மட்டும் பாக்கி. சாணியில் பொறுக்கிய விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தோமே, எத்தனை முளைத்தன? என் நோட்டில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. எண்ணிச் சொல்லுங்கள். இந்தத் தடவை அடிக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா