இஸ்து என்றால் உட்கார்

தம்பெரே, பின்லாந்து
கார்த்திகை கடைசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலம்தானே? தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வரும்போது இதைப் படித்துக் காட்டுவாள். தன்னைப் பற்றி வரும் இடத்தை நைசாகத் தாண்டிவிடுவாள். விடாதே, முழுதாகப் படிக்கச் சொல்.

போன வாரம் போனில் "அங்க சந்தோஷமா இருக்கியா கண்ணு" என்று கேட்டாய். நான் "ம், இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, டவர் கிடைக்காத மாதிரி கட் பண்ணிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்திலேயே சந்தோஷமான நாடு எது என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2018-இலிருந்து 2025 வரை எட்டு வருஷமும் இந்த நாடுதான் முதலிடம். எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் தெரியுமா? "நேற்று சிரித்தாயா, பாடினாயா" என்று கேட்டு இந்த இடத்தைத் தருவதில்லை. ஓர் ஏணி, அதில் 0 முதல் 10 வரை படிகள். உச்சிப் படி என்றால் உனக்கு அமையக்கூடிய நல்ல வாழ்க்கை, அடிப்படி என்றால் மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்? இவ்வளவுதான் கேள்வி. என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முதலிடத்துக்காரர்கள் பஸ்ஸில் எப்படி வருகிறார்கள் என்று நீ பார்க்க வேண்டும். ஆளுக்கொரு ஜன்னல். பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்களே தவிர, தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நம் ஏற்காடு பஸ்ஸில் அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் மூன்று குடும்பத்துக் கதை தெரிந்துவிடும். இங்கே வந்து ஒன்றரை வருஷமாகிறது, எதிர் வீட்டுக்காரர் பெயர் இன்னும் தெரியாது.

இப்போது இங்கே காலை ஒன்பது மணிக்கு வெளுக்கிறது, மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. விடிவதற்கு முன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறேன். நடந்து போகிறவர்கள் கோட்டில் பளபளவென்று மின்னும் ஒரு வில்லையைத் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் காருக்குத் தெரியும். மார்கழி மூடுபனியில் சின்ன வயதில் நீ என் பள்ளிக்கூடப் பையில் சிவப்புத் துணி கட்டிவிடுவாயே, அதே சமாச்சாரம்தான். இங்கே அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். சேலத்தில் ஆறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் இங்கே முதியோர் இல்லத்தில் உதவியாளராகத்தான் சேர முடிந்தது. மொழித் தேர்வும் லைசென்ஸும் முடியும்வரை ஊசி போட விடமாட்டார்கள். என்னை அனுப்பி வைத்த ஏஜெண்டு இதைச் சொல்லவே இல்லை. முதல் மூன்று மாதம் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. "பத்து முதியவருக்கு ஆறு பணியாளர், சட்டமே இருக்கிறது" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். அந்த ஆறு பேரும் மூன்று ஷிஃப்டுக்கும் லீவுக்கும் சேர்த்து என்பது வந்த பிறகுதான் புரிந்தது. ராத்திரி ஷிஃப்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதரை மணி இருக்கும். ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கிடைத்த நேரத்தில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம், நம் ஊர் ஆஸ்பத்திரியில் பழகியது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா வந்து கையிலிருந்த துணியை வாங்கிச் சிங்க்கில் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இஸ்து" என்றார். எனக்குப் புரியவில்லை. "இஸ்து, இஸ்து" என்று நாற்காலியைத் தட்டினார். உட்கார் என்று அர்த்தமாம். நான் உண்மையிலேயே கற்றுக்கொண்ட முதல் பின்னிஷ் வார்த்தை அதுதான்.

உட்கார்ந்தேன். மேஜையில் காபி, ஏலக்காய் போட்ட பன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டர் உட்பட. யாரும் அவசரப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அந்த நேரம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது, வேலை நேரத்திலேயே சேர்த்தி, சம்பளம் பிடிக்க மாட்டார்கள். "காபி இடைவேளையில் வேலை பார்த்தால் அடுத்தவர்களுக்கும் அது பறிபோகும்" என்று அந்த அக்கா பிறகு இங்கிலீஷில் சொன்னார். நான் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன், அவர்களுக்கு அது துரோகம் மாதிரி பட்டிருக்கிறது.

காபி என்றால் இவர்களுக்கு உயிர். உலகத்திலேயே அதிகமாகக் காபி குடிக்கிறவர்கள் இவர்கள்தான். ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ பொடி. ஒரு செடிகூட விளையாத நாடு! அந்த முதல் நாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். பழம் பறிக்கிற நாளில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, எடை குறைந்துவிடுமோ என்று, சில்வர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றபடியே தூக்குப்போசி மூடியில் ஊற்றி வரக்காப்பி குடிப்பாய். ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். மூடியில் ஒட்டியிருக்கிற வெல்லக் கரைசலை எனக்கு நக்கத் தருவாய். நீ உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததே இல்லை அம்மா. எத்தனை யோசித்துப் பார்த்தாலும் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடம் வேண்டும் என்றும் இருந்தது. என்னை ஆரஞ்சு மரத்தில் தூளி கட்டிப் போட்டதாகச் சொல்வாயே. நம் தோட்டத்தில் அந்த ஐம்பது பேர் இருந்தார்களா, இல்லை நாற்பத்தொன்பதில் நிறுத்திக்கொண்டார்களா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்.

இந்த இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இந்த ஊரில் இரண்டு பெரிய ஏரிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊருக்கு நடுவே தண்ணீர் பதினெட்டு மீட்டர் இறங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நம்பி 1820-இல் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து ஆலை போட்டார். பெரிய பஞ்சாலையாக வளர்ந்தது. 1882-இல் அங்கே மின்விளக்கு எரிந்தபோது இந்தப் பக்கத்து நாடுகளில் எங்கேயுமே கிடையாதாம். பாட்டி அங்கே தறியில் நின்றவர். நம் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான், அவரும் அதே 1820-களில்தான் என்று சொன்னேன். "அந்த ஊரில் அப்போது யாருமே வீட்டில் இருக்கவில்லை போலிருக்கிறது" என்றார். சிரிக்காமல் சொன்னார், இங்கே ஜோக் அப்படித்தான்.

அவருக்குக் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். தினமும் சாயங்காலம் எண்ணெய்க் களிம்பு தடவிவிடுவேன். அப்போதுதான் பேசுவார். போர்க் காலத்தில் காபி இறக்குமதியே இல்லாமல் தானியத்தையும் சிக்கரி வேரையும் வறுத்துக் குடித்தார்களாம். ரேஷன் 1954 வரைக்கும் இருந்திருக்கிறது. நாங்கள் சிக்கரியை ஆசைப்பட்டுக் கலந்து குடிப்போம் என்றேன். பாவம் என்பதுபோல என் கையைத் தட்டிக்கொடுத்தார். 1956-இல் நாடு முழுக்க மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தபோது அவரும் குளிரில் நின்றிருக்கிறார். "நாற்காலி தானாக நடந்து வராது" என்றார். தங்கச்சி, இதை இன்னொரு தடவை படி.

பாட்டிக்கு ஒரு நாள், நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். கிளை முழுக்கச் சிவப்புப் பழம், உன் விரல் மட்டும் தெரிகிறது. எண்பது வருஷமாகக் காபி குடிக்கிறார், செடியை இப்போதுதான் பார்க்கிறார். கொட்டை மரத்திலேயே பழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாராம். வீடியோவை நிறுத்தி, உன் விரலைப் பெரிதாக்கிப் பார்த்து, "அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை மணிக்கு அவருக்கு இடைவேளை?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது தங்கச்சி விஷயம். அவள் ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிறாள். தீபாவளி சீசனில் கால் வீங்கி மெட்டி கழற்ற முடியாமல் போனதை உன்னிடம் மறைத்தாள், என்னிடம் சொன்னாள். கஸ்டமர் இல்லாத நேரத்தில்கூடச் சுவரில் சாயக்கூடாதாம், கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்களாம். 2021-லேயே நம் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக்கூடாது. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018-லேயே அங்கே வாங்கிவிட்டார்கள். இதை அவளிடம் சொன்னால், "ஸ்டூல் இருக்குக்கா, குடோன்ல இருக்கு, ஆபீசர் வந்தா வெளியே வரும்" என்கிறாள். அவளோடு வேலை செய்கிற பதினோரு பெண்களும் சேர்ந்து ஒரு தடவை கேட்டால் என்ன? தனியாகப் போய்க் கேட்காதே என்றும் சொல்லிவிடு. இங்கேயும் யாரும் தனியாகக் கேட்டு வாங்கவில்லை.

இவர்களைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. ஒரு நாள் அந்த அக்கா, "எங்கள் பள்ளிக்கூடங்களில் எல்லாக் குழந்தைக்கும் மதியச் சோறு இலவசம், 1948-இலிருந்து" என்று பெருமையாகச் சொன்னார். விடுவேனா? காமராஜர் 1956-இல் ஆரம்பித்ததையும், 1982-இல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கியதையும், இப்போது காலைச் சிற்றுண்டியும் போடுவதையும் சொன்னேன். நான் அந்தச் சத்துணவு முட்டையில் வளர்ந்த உடம்பு என்று கையை மடக்கிக் காட்டினேன். அவர்களுக்குச் சத்துணவு தெரியவே தெரியாது. ஏழை நாடு என்று மட்டும் தெரியும்.

அப்புறம் இந்தத் தனிமை. கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஒரே ஓர் ஆள்தான். இல்லத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது, பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. பாட்டியின் மகன் மாதத்துக்கு ஒரு தடவை வந்து அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இருவரும் பேசுவதில்லை, காபி குடிக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன், நானும்தான் உன்னை விட்டுவிட்டு வந்து இன்னொருவர் அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மொழி மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வீடு என்றால் தாலோ, வீட்டில் என்றால் தாலோஸ்ஸா, வீட்டிலிருந்து என்றால் தாலோஸ்தா. நமக்கு எட்டு வேற்றுமை, இவர்களுக்குப் பதினைந்து. கேரளத்துப் பெண்ணும் நானும் கடகடவென்று பிடித்துக்கொண்டோம், இங்கிலீஷ் மட்டும் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் வகுப்பில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். தை மாதம் பரீட்சை. சேர்வராயனை வேண்டிக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: ஏணியில் ஆறாவது படியில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டுவடை செட் தின்றால் ஏழு.

பணம் பத்தாம் தேதி வந்துவிடும். முதலில் அப்பாவின் கண் ஆபரேஷன், கூரைத் தகடு அப்புறம். இந்தத் தடவை பறிப்புக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்காதே, போனாலும் பாதி நாள் போ. பார்சலில் ரெண்டு பாக்கெட் காபிப்பொடி வைத்திருக்கிறேன். பாட்டிக்கு வந்ததில் ஒன்று, உன் விரலுக்காம். வறுவல் ரொம்ப இளசு, சிக்கரி கிடையாது, பால் ஊற்றினால் வெளுத்துப்போகும். ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் கூடப் போடு.

இப்படிக்கு,
பெரியவள்