புதுப் பையனின் பயிற்சியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் எங்கள் பக்கத்து ஊர் மின்னொளி கபடிப் போட்டிச் செய்தி வந்திருந்தது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை கொடுத்தவர், மாலை போட்டவர் என்று எல்லார் பெயரும் இருந்தது. எங்கள் ஊர் அணியில் இந்த வருடம்தான் முதல்முறையாக இறங்கிய 19 வயதுப் பையனைப் பற்றி ஒரே ஒரு வரி. கடைசி ரெய்டில் அவன் பிடிபட்டதால் அணி தோற்றது, அவ்வளவுதான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பாபநாசம் பக்கம். 38 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். 2024-ல் மேட்டூர் அணையைத் தாமதமாக ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குடமுருட்டியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊர். ஆறு மாதம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேரன் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான், கூடவே நானும். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்து, கையால் எறிந்து கையால் பிடிக்கிற ஆட்டம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட ஆளுக்கு ரிசீவர் என்று பெயர்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த ரிசீவர் வேலைதான். எத்தனை கஜம் ஓடி எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறார்கள். அவன் திரும்புவதற்கு முன்பே பந்து எறிகிறவன் கையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. யாருமே இல்லாத இடத்துக்கு எறிகிறான். பந்து இறங்கும்போது இவன் அங்கே இருக்க வேண்டும். நூறு தடவை, ஆயிரம் தடவை சேர்ந்து பழகாமல் இது நடக்காது.

நாங்கள் பார்த்தது சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியை. அவர்கள் மைதானம் பக்கத்திலேயே சாண்டா கிளாராவில் இருக்கிறது. அந்த வருடம் கல்லூரி ஆட்டக்காரர்களை எல்லா அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றில் 31-வது ஆளாக இவர்கள் எடுத்த புதுப் பையன் ரிக்கி பியர்சால். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவன். அவனுக்கு ஆரம்பமே சரியில்லை. ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்பே தொடைத் தசையில் வலி, அப்புறம் தோள்பட்டையில் அடி. அதெல்லாம் போதாது என்று ஆகஸ்ட் 31 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரின் நடுவில் வழிப்பறி செய்ய வந்த ஒருவன் அவனைச் சுட்டுவிட்டான். குண்டு நெஞ்சில் நுழைந்து முதுகு வழியாக வெளியே போய்விட்டது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தான இடம் எதிலும் படவில்லை. நான் போய் இறங்கிய புதிது. வீட்டில் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, பேரன் அழுதே விட்டான்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அந்தப் பையன், சுடப்பட்ட 50-வது நாள் அக்டோபர் 20 அன்று, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு எதிராக மைதானத்தில் இறங்கினான். 3 பந்து பிடித்து 21 கஜம். நம் வீடுகளில் சின்ன ஆபரேஷன் என்றாலே மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். நெஞ்சில் குண்டு துளைத்தவன் ஐம்பது நாளில் பெரிய பெரிய ஆட்களோடு மோதி ஓட வேண்டுமென்றால், யார் கண்ணிலும் படாமல் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்? அன்றைக்கே இந்தப் பையன் நிச்சயம் வருவான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் டாம்பா பே அணிக்கு எதிராக 46 கஜத்தில் ஒரு டச் டவுன் போட்டான், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்று கை தட்டினார்கள். அடுத்த சில வாரம் பந்து அவன் பக்கம் வருவதே அரிதாகிவிட்டது. உடனே முதல் சுற்றை வீணடித்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்த வாரங்களில் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து தனக்கு வராது என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடுவான். திரும்ப வேண்டிய இடத்தில், நூல் பிடித்தது மாதிரி, ஒரே காலை ஊன்றித் திரும்புவான். யாருமே பார்க்காத வரிசைக் கல்லையும் தூக்குக்குண்டு வைத்துச் சரிபார்க்கிற வேலைக்காரனுக்குத்தான் அப்படிக் கால் விழும். வேலை பார்த்தவன் கண்ணுக்கு அது தெரியும்.

டிசம்பர் 30, திங்கள்கிழமை இரவு. டெட்ராய்ட் லயன்ஸ் அணியோடு ஆட்டம். அந்த ஒரு ராத்திரியில் 8 பந்து, 141 கஜம், ஒரு டச் டவுன். அணி என்னவோ 40-34 என்று தோற்றுவிட்டது. ஆனால் வீட்டில் பேரன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

அப்புறம்தான் அவன் ஜெர்ரி ரைஸ் என்பவரைப் பற்றிச் சொன்னான். "தாத்தா, அவரும் செங்கல் பிடிச்சவர்தான்" என்றான். அவரும் இதே அணிக்கு ஆடிய ரிசீவர். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து எறிகிற செங்கலைச் சாரத்தில் நின்று பிடித்தாராம். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செங்கல் பிடிப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். மாடிச் சுவர் எழும்பும்போது கீழே ஒருவர், சாரத்தில் ஒருவர் நிற்போம். கீழே இருப்பவர் இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எறிவார். மேலே வருகிற கல், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் கண்ணிமைக்கும் நேரம் அப்படியே நிற்கும். அந்த நொடியில் கை வைத்தால் கல்லுக்குக் கனமே கிடையாது, கோழிக்குஞ்சு மாதிரி வந்து உட்காரும். முந்தினால் உள்ளங்கையில் அறையும். பிந்தினால் கையையும் இழுத்துக்கொண்டு இறங்கும், விரல்நுனித் தோல் உரியும். முதல் மாதம் நான் விட்ட கல்லுக்குக் கணக்கே இல்லை. என் மேஸ்திரி ஒரு நாளும் திட்டியதில்லை. சாயங்காலம் எல்லாரும் கை கால் கழுவப் போன பிறகு, "இன்னும் ஐம்பது எறி இருக்குடா தம்பி" என்று அவரே கீழே நின்று எறிவார். இருட்டிய பிறகு கல்லின் சத்தத்தை வைத்தே பிடித்த நாளும் உண்டு. அந்த ஐம்பது எறி இல்லாவிட்டால் நான் கொத்தனார் ஆகியிருக்க மாட்டேன்.

ரைஸும் முதல் வருடம், அதாவது 1985-ல், கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டவர்தான். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அதே டிசம்பரில், அதுவும் ஒரு திங்கள்கிழமை இரவு, ராம்ஸ் அணிக்கு எதிராக 10 பந்து பிடித்து 241 கஜம் எடுத்தார். ஆட்டம் இல்லாத மாதங்களில் சான் கார்லோஸ் பக்கத்தில் சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மலைப்பாதையில் ஏறி ஓடுவார். பயிற்சியில் பிடிக்கிற பந்தைக்கூட அங்கேயே போட்டுவிடாமல் எல்லைக்கோடு வரை ஓடி முடிப்பாராம். கடைசியில் 20 பருவம் ஆடி, 1,549 பந்து, 22,895 கஜம். இன்று வரை அந்தக் கணக்கை யாரும் எட்டவில்லை.

பியர்சால் ரைஸ் ஆவான் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் வருடம் 11 ஆட்டத்தில் 31 பந்து, 400 கஜம், 3 டச் டவுன். இதை வைத்து அப்படியெல்லாம் பேச முடியாது. ஆனால் மூத்த ரிசீவர் டீபோ சாமுவேலை 2025 மார்ச்சில் வாஷிங்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு இவன் வருவான் என்று முழுதாக நம்புகிறேன். செப்டம்பரில் தொடங்கும் ஆட்டப் பருவத்துக்காக இப்போதே காத்திருக்கிறேன்.

சரி, எங்கள் ஊர்ப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நான் திரும்பி வந்தபோது சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவன் பகலில் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறான். தூக்கம் வராமல் விடியற்காலையில் ஆற்றங்கரைப் பக்கம் போன ஒரு நாள், பாலத்துக்குக் கீழே மூச்சுவிடாமல் கபடி கபடி என்ற குரல் கேட்டது. மணி நாலரை இருக்கும். குடமுருட்டி மணலில் குச்சியால் கோடு கிழித்து வைத்திருந்தான். அவனைவிடச் சின்னப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கணுக்காலைக் கட்டிப் பிடித்திருக்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட மணலில் ஊர்ந்தான். தொட்டதும் எழுந்து, மறுபடியும் போய் நின்று, "பிடிங்கடா" என்றான். முழங்கையில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. விடிவதற்குள் நான் எண்ணியது 22 தடவை.

போட்டியில் அவன் பிடிபட்டது கணுக்காலில்தான். மறுநாள் விடியற்காலையிலும் அவன் மணலில் இருந்தான். தோற்ற ராத்திரி முழுக்கப் பந்தலில் அவனை ஏசியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. அவன் அம்மா மட்டும் கரையில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தது.

ஐயா, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு மூலை போதும். கோப்பை வாங்குகிறவர்கள் படத்துக்குப் பக்கத்தில், இந்த மாதிரி புதிதாக இறங்கிய ஒரு பையனோ பெண்ணோ எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஊர்க்காரர்கள் அதைப் படித்தால் அடுத்த போட்டியில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார்கள்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் சில நாளில் இங்கே தண்ணீர் வந்துவிடும், மணல் மூழ்கிவிடும். அதற்குள் ஒரு நாள் உங்கள் நிருபரை அனுப்பி வையுங்கள். விடியற்காலை நாலரைக்கு டார்ச் லைட்டோடு பாலத்தடியில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.