சுபேதார் அப்பாவுக்கு இந்த முறை சால்வை வேண்டாம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சி பிளாக் சுபேதாரின் மகள் எழுதுகிறேன். குடியரசு நாள் கொடியேற்றத்துக்கு இந்த வருடமும் அப்பாவை அழைத்திருக்கிறீர்கள். வருவார். முதல் நாள் இரவே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிடுவார். 86 வயதாகிறது, அந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

ஆனால் போன வருடம் மைக்கில், "பரம்வீர் சக்ரா வாங்கிய நம்ம ஐயா" என்று அறிவித்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அவர் வாங்கியது சேனா மெடல். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி புதைத்த நிலத்திலிருந்து அடிபட்ட இரண்டு பேரை இழுத்து வந்ததற்காகக் கொடுத்தது. பரம்வீர் சக்ரா என்பது போரில் காட்டும் வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது; இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. அதே பசந்தர் சண்டையில், எரிகிற டாங்கியை விட்டு வர மறுத்துச் செத்து அந்த விருதைப் பெற்ற அருண் கேத்ரபாலுக்கு வயது 21. இதோ, நம் பரங்கிமலையில் ராணுவப் பயிற்சி முடித்துப் போன மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அவரும் அதே விருது பெற்றவர், 1987இல் இலங்கையில் சண்டையில் இறந்தார். "செத்தவன் மெடலைக் கொண்டுவந்து எனக்குக் குத்தறாங்களேம்மா" என்றார் அப்பா. தப்பாகப் படித்தவருக்கு அது ஒரு வார்த்தை. சரி, தெரியாமல் நடந்தது. இந்த முறை சரியாகப் படியுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் அப்பாவை மட்டும் மேடைக்குக் கூப்பிடுகிறீர்கள். 1959இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர், 24 வருடம் கழித்துத்தான் வீட்டோடு வந்தார். நடுவில் நாங்கள் பார்த்ததெல்லாம் வருடத்துக்கு இரண்டு மாத லீவும் பச்சை டிரங்குப் பெட்டியும்தான். வேலூர் பக்கத்துக் கிராமத்தில் மணியார்டரை எண்ணி எண்ணிச் செலவழித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது அம்மா. 71 சண்டையின்போது நான் வயிற்றில். தினமும் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆகாசவாணிச் செய்தி கேட்பாராம். தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினால் தந்தியோ என்று உள்ளே ஓடிவிடுவாராம். அப்பா இருந்த மேற்கு முனையில் சண்டை டிசம்பர் 17இல் முடிந்தது. '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முத்திரையோடு அப்பாவின் கடிதம் வந்தது பொங்கலுக்கு அப்புறம். அந்த ஒரு மாதத்துக்கு மெடல் எதுவும் கிடையாது.

(மிலிட்டரி கேன்டீன் கோட்டாவுக்காக மட்டும் எங்கள் வீட்டு பெல்லை அடிக்கிற சில அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்பா குடிப்பதில்லை, வாங்கித் தருவதும் இல்லை.)

பீரோவில் 11 சால்வை இருக்கிறது. பன்னிரண்டாவது வேண்டாம். சி பிளாக் வாசலில் மூன்று படி. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அதை இறங்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. சாய்தளம் கேட்டபோது ஃபண்ட் இல்லை என்றீர்கள். சால்வைக் காசில் சாய்தளம் வராது, எனக்கும் தெரியும். கைப்பிடிக் கம்பி ஒன்றாவது வருமில்லையா?

அப்புறம், மேடையில் நாற்காலி இரண்டாகப் போடுங்கள். ஜன கண மன முடிகிறவரை அப்பா உட்காரமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
சி பிளாக் சுபேதார் மகள்,
நங்கநல்லூர்